ஒரு கண்ணை மூடிப் பார்

பிரபு கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறேன். ஏன் என்று போகப்போக உனக்கே புரியும். கவிதாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, நீயே படி. ஒரே மூச்சில் முடியாவிட்டால் பரவாயில்லை, மெதுவாகப் படித்துக்கொள்.

திருவிழாவுக்கு வந்திருந்தபோது யாழினிக்குக் காய்ச்சல் வந்ததே, அந்த மத்தியானத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கவிதா குளிக்கப் போயிருந்தாள். உன் அப்பா கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். நீ மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாய். முதலில் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாய். பிறகு கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, எட்ட வைத்துப் பார்த்தாய். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் அப்படியே ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்தக் குட்டி மூடியில் மருந்தை ஊற்றினாய். அந்த மூடியில் கோடுகளுக்கு நிறம்கூடக் கிடையாது, பிளாஸ்டிக்கிலேயே மேடாக அச்சுப் போட்டிருக்கும். மாவு பிசைந்துகொண்டிருந்த நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "குடு கண்ணு, நான் ஊட்டறேன், உங்கிட்டன்னா அழுவா" என்று வாங்கிக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், சீட்டில் சொல்லியிருந்ததைப் போல இரண்டு மடங்கு இருந்தது. பாதியைக் கொட்டிவிட்டு மீதியைத்தான் குழந்தைக்குக் கொடுத்தேன். நீ பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாய், கவனிக்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். பிள்ளை மடியில் படுத்திருக்கும்போது அவளுடைய அப்பனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீங்கள் கிளம்பிப் போன பிறகு எந்த வேலை செய்தாலும் அந்த மூடிதான் கண் முன்னால் வந்தது. ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு மனம் சொல்கிறது. ஆகியிருந்தால் என்று இன்னொரு மனம் கேட்கிறது. அங்கே ஓசூரில் நான் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

உன்னை நான் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். போன தடவை வந்தபோது கூடத்து டியூப் லைட்டை மாற்றினாய், வெளிச்சம் பத்தவில்லை என்றாய். பழையது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. உன் மாமன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்த இவ்ளோ பொடிசாவா அடிப்பாங்க" என்று கவிதாவிடம் நீட்டினாய். உன் அப்பா அதைப் படித்தார். மீன் சாப்பிடும்போது முள்ளை விரலால் தடவித் தடவி எடுக்கிறாய். உன் வேலையே கம்பெனியில் சின்னச் சின்னச் சாமான்களை அளந்து பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்கிற வேலை. அங்கே கூட இருக்கிற பிள்ளைகள் எல்லாம் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள். அவர்கள் முன்னால் பையில் இருந்து கண்ணாடியை எடுத்து மாட்ட உனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். தவறாக நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்.

இதற்குப் பெயர் வெள்ளெழுத்து. வியாதி இல்லை. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கிற வில்லை கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துப்போகிறது, முன்னே மாதிரி கிட்டத்துக்கு வளைந்து கொடுப்பதில்லை என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னார்கள். முடி நரைப்பது மாதிரிதான். உனக்கு நாற்பத்து மூன்று ஆகிறது. தூரத்தில் வருகிற பஸ்ஸின் பெயர்ப் பலகையை எனக்கு முன்னால் நீ படித்துவிடுகிறாய், அதனால் கண் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறாய். உன் அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மலை மேலே மேய்கிற ஆடு யாருடையது என்று இங்கிருந்தே சொல்வார். கைக்குக் கிட்டத்தில் இருப்பதுதான் அவருக்கு மறைந்துபோயிற்று.

அவர் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. "அப்பாவுக்குச் சர்க்கரை இருக்குது, கண்ணுல சின்னதா ஒரு வைத்தியம் பண்ணியிருக்குது" என்று மட்டும்தான் அப்போது போனில் சொன்னோம். கவிதாவுக்கு நிறைமாதம். நீ ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் அலைந்துகொண்டிருந்தாய். அதற்கப்புறம் யாழினி பிறந்த சந்தோஷத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஒரே கண்ணாடிதான் இருந்தது. நல்லம்பள்ளிச் சந்தையில் சீப்பு, சாவிக்கொத்து, பெல்ட்டு எல்லாம் பரப்பி விற்பார்களே, அங்கே உன் அப்பா வாங்கியது. எந்த நம்பர் என்று அவர் பார்க்கவில்லை. கடைக்காரன் நீட்டிய முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தார், எடுப்பாக இருக்கிறது என்றார், வாங்கிக்கொண்டார். அதையே நானும் போட்டுக்கொள்வேன். அவர் பேப்பர் படிக்கும்போது எனக்கு அரிசியில் கல் பார்க்க வேண்டியிருக்கும். நான் போட்டிருக்கும்போது அவருக்குப் பேங்கில் இருந்து ஏதாவது மெசேஜ் வரும். எனக்கு அது பவர் அதிகம். கொஞ்ச நேரம் போட்டால் நெற்றியில் பாரம் வைத்த மாதிரி வலிக்கும். கண்ணாடி என்றாலே அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் அவர் கூடுதல் பவரில் ஒன்று வாங்கினார். அதற்கு அடுத்த தடவை அதைவிடக் கூடுதல். ஒவ்வொரு தடவையும் "முன்ன வாங்குனது மட்டம், கீறல் விழுந்துடுச்சு" என்று கண்ணாடி மேல்தான் குற்றம் சொன்னார்.

யாழினி பிறந்த அந்த வருஷமும் பட்டுப்புழு போட்டிருந்தோம். உனக்குத் தெரியும், புழு தோல் உரிக்கும்போது தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும், தின்னாது. அந்த நேரத்தில் தழை போடக் கூடாது. எல்லாப் புழுவும் தோல் உரித்து எழுந்த பிறகுதான் போட வேண்டும். எழுந்ததா இல்லையா என்று பார்ப்பது எப்போதும் உன் அப்பா வேலை. அன்றைக்குக் காலையில் புழுப் படுக்கை மேல் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் எந்திரிச்சிடுச்சு, தழைய அள்ளிட்டு வா" என்றார். போட்டுவிட்டோம். சாயங்காலம் நான் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், கொஞ்சம் புழு தழையைத் தின்றுகொண்டிருக்கிறது, பாதிக்கு மேல் தழைக்கு அடியில் அப்படியே தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் புழுக்கள் ஒரு சீராகவே வளரவில்லை. சிலது பெரிசு, சிலது பொடிசு. கூடு கட்டியபோது பாதிக்கூடு வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசாக இருந்தது.

நான்தான் உன் அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். "ஏங்க, தர்மபுரிக்குப் போயி ஆளுக்கொரு நல்ல கண்ணாடியா வாங்கிட்டு வந்துரலாங்க" என்றேன். "எனக்குத்தான் இருக்குதே" என்றார். "இருக்கறது ஒத்து வரலீங்களே" என்றேன். மறுபடி புழு வாங்கி வைத்த சமயம் அது. ஒரு டிபன் பாக்ஸில் ரெண்டு மல்பெரி இலையைப் போட்டு அதில் நாலைந்து புழுவை விட்டு எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் உன் அப்பா, "இதெதுக்கு புள்ள?" என்று கேட்டார். "நான் தெனம் பாக்கறது இதத்தானே, கடையில இதப் பாத்துத்தான் வாங்குவேன்" என்றேன். சிரித்தார். கூடு கெட்டுப்போனதில் இருந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கண்ணாடிக் கடை. ரெடிமேட் கண்ணாடிகளை ஒரு சுழல்கிற ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரர் எங்கள் வயதுக்காரர். நான் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஓரடி பின்னால் போய்விட்டார். பிறகு அவருக்கும் ஆர்வம் வந்து, எனக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முதலில் குறைந்த பவர். புழுவின் உடம்பு தெரிந்தது, முகம் தெரியவில்லை. அடுத்தது கொஞ்சம் கூட. முகம் தெரிந்தது. அதற்கடுத்ததில் இன்னும் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் டிபன் பாக்ஸை மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. "பெருசாத் தெரியறத எடுக்காதீங்கம்மா. நீங்க வேலை செய்யற தூரத்துல தெளிவாத் தெரிஞ்சாப் போதும். அதுக்கு எது கம்மி பவரோ அத எடுங்க" என்றார். நடுவில் இருந்ததை எடுத்தேன். சந்தைக் கண்ணாடி எனக்கு ஏன் தலைவலி கொடுத்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலை மேல் இருந்த புழுவைப் பார்த்தேனே, அதைச் சொல்ல வேண்டும். இலை ஓரத்தை அது அரைவட்டமாகக் கடித்துக்கொண்டு போவதும், தலை மேலும் கீழும் போய்வருவதும், முதுகில் இருக்கிற பிறை மாதிரிக் கோடும் எல்லாம் தெரிந்தது. வருஷக்கணக்காக வளர்த்த புழுவை மங்கலாகவே பார்த்துப் பழகியிருக்கிறேன். நிமிர்ந்து என் கையைப் பார்த்தால் அது என் அம்மாவின் கை மாதிரி இருந்தது.

கடைக்காரர், "ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்கம்மா, அப்பறம் அத மூடிட்டு இன்னொண்ணுல பாருங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி தெரிஞ்சாத்தான் இந்த ரெடிமேட் ஒத்துவரும். ரெண்டு பக்கமும் ஒரே பவர்தான் இதுல" என்றார். பார்த்தேன். ஒரே மாதிரிதான் தெரிந்தது. உன் அப்பாவுக்கும் ஒன்றை மாட்டிவிட்டுப் பார்க்கச் சொன்னேன். "ரெண்டு கண்ணும் இருக்கறப்ப எதுக்கு ஒண்ண மூடறது" என்றார். "சும்மா பாருங்களேன்" என்று நானே அவருடைய வலது கண்ணை என் கையால் பொத்தினேன். கையில் விளம்பர அட்டை ஒன்றை வைத்திருந்தார். அதைக் கிட்டத்திலும் எட்டவும் வைத்துப் பார்த்தார். பிறகு, "கண்ணாடியில என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்குது, தொடச்சுக் குடுங்க" என்றார். கடைக்காரர் துடைத்துக் கொடுத்தார். "போவலியே, நடுவால இருக்குதே" என்றார். நான் என் முந்தானையால் துடைத்தேன். அப்புறம் கண்ணாடியையே கழற்றிவிட்டேன். "இப்பப் பாருங்க, எம் மூஞ்சி தெரியுதா?" என்றேன். "காது தெரியுது, கொண்டை தெரியுது" என்றார். கடைக்காரர் ஸ்டாண்டை ஒருபக்கம் தள்ளி வைத்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு நான் கண்ணாடி குடுக்க மாட்டேன். மொதல்ல டாக்டரப் பாருங்க" என்றார்.

சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா, "சர்க்கரை எத்தன வருஷமா இருக்குதுங்க?" என்று கேட்டார்கள். "எனக்குச் சர்க்கரையே இல்லீங்களே" என்றார் உன் அப்பா. ரத்தத்தைப் பார்த்தபோது நிறைய இருந்தது. ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார்கள். கண்ணின் உள்திரையில் நீர் கோத்து, ரத்தம் கசிந்து, இடது கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வருஷம் கூடுதல் பவர், கூடுதல் பவர் என்று வாங்கிக்கொண்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். டாக்டரம்மா ஊசி போட நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை போய்வந்தோம். வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கட்டுப் போட்ட கண்ணோடு அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார். வலது கண் காப்பாற்றப்பட்டது. இடது கண்ணில் ஆள் தெரியும், எழுத்து தெரியாது. இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் என்பதால் அவருக்கு ரெடிமேட் சரிவராது. சீட்டு எழுதிக் கொடுத்துத் தனியாகச் செய்த கண்ணாடிதான். அதைப் போட்டுக்கொண்டுதான் உன் மாமன் வீட்டுப் பத்திரிகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். நான் ஆஸ்பத்திரியில் என் கண்ணையும் பார்த்துக்கொண்டேன். எனக்கு வெள்ளெழுத்து மட்டும்தான், கடையில் வாங்கியதே போதும் என்றார்கள். இன்றைக்கும் ரெடிமேட்தான் போடுகிறேன். நடுவில் ஒரு தடவை பவர் ஏறியது, மாற்றிக்கொண்டேன்.

அதனால் நீ முதலில் கண் டாக்டரிடம் போ. சர்க்கரையையும் பார்த்துக்கொள், உன் உடம்பில் ஓடுவது அவர் ரத்தம். வெள்ளெழுத்து மட்டும்தான் என்று சொல்லிவிட்டால் தாராளமாக ரெடிமேட் வாங்கிக்கொள், அதில் ஒரு குறையும் இல்லை. போகும்போது நீ தினமும் பார்க்கிற சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு போ. கம்பெனியில் எவ்வளவு தூரத்தில் வைத்து அளக்கிறாயோ, அதே தூரத்தில் வைத்துப் பார். குறைந்த பவரில் இருந்து ஆரம்பி. கம்ப்யூட்டர் கொஞ்சம் தள்ளி இருக்கும், அதற்கு இன்னும் குறைவாக வேண்டியிருக்கலாம், அதைத் தனியாகக் கேள். கடையில் கதவு நிலையையோ தரை டைல்ஸ் கோட்டையோ கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையை லேசாக அசை. கோடு நெளிந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம். மூக்கை அழுத்துகிறதா, குனிந்தால் நழுவுகிறதா என்று பார். அழகாக இருக்கிறதா என்று கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதே, படி இறங்காதே, தரை மேலே வந்த மாதிரி இருக்கும். நான் ஒரு தடவை கிணற்று மேட்டில் விழப் பார்த்தேன். வீட்டில் ஒன்று, கம்பெனியில் ஒன்று என்று வைத்துக்கொள். கவிதாவுக்கும் வயது வரும், அப்போது அவளுக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடு, நாங்கள் பங்கு போட்ட மாதிரி செய்யாதீர்கள். முக்கியமாக, வாங்கிய கொஞ்ச மாதத்திலேயே அது போதவில்லை என்று தோன்றினால் கடைக்குப் போகாதே, டாக்டரிடம் போ. அவ்வப்போது ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொள். ஒரு கண்ணின் குறையை இன்னொன்று மறைத்துவிடுகிறது.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, உன் அப்பாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், அவருக்குத் தெரியாமல் அனுப்பக் கூடாது என்று தோன்றியது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேட்டார். புழு விஷயம் வந்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடித்ததும், "நல்லாத்தான் எழுதியிருக்கற. ஒண்ணுதான் தப்பு" என்றார்.

"என்னங்க தப்பு?"

"கடையில நீ கைய வச்சுப் பொத்துனப்பதான் எனக்கே தெரிஞ்சாப்புல எழுதியிருக்கற. அதுக்கு முன்னாடியே தெரியும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "முன்னாடின்னா எப்பங்க?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளா. காலையில மூஞ்சி கழுவறப்ப ஒரு கண்ண மூடுவேன், அப்பத் தெரியும், நடுவால புகை மாதிரி. வெரலால தேச்சு வுட்டுட்டு வந்துருவேன். புழுவுந்தான். எந்திரிச்சிதா இல்லையான்னு அன்னிக்கு எனக்குத் தெரியவே இல்ல. ஒரு குத்துமதிப்பாத்தான் சொன்னேன்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

அவர் வெளியே தெரிந்த கம்பி வேலியைப் பார்த்தார். "சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ. போனா அவங்க என்னமோ ஒண்ணு சொல்லுவாங்க. சொல்லாத வரைக்கும் இல்லைன்னு இருந்துக்கலாம் பாரு" என்றார். "நீ சோம்பேறித்தனம்னு நெனச்ச, ஊரு கஞ்சத்தனம்னு நெனச்சிது. பயம் புள்ள. வேற ஒண்ணும் இல்ல."

இத்தனை வருஷத்தில் உன் அப்பா வாயால் பயம் என்ற சொல்லை நான் கேட்டது இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்.

"இதையும் அவனுக்கு எழுதிரு. அப்பன் பயந்துட்டுப் போவாம இருந்தான், ஒரு கண்ணு போச்சுன்னு எழுது. அவனும் பயந்தா பயந்துட்டுப் போவட்டும். போவாம மட்டும் இருக்க வேண்டாம்."

எழுதிவிட்டேன்.

அம்மா